முன்பக்கம் நான்கு விரல் நீளம்

உடுப்புகளுக்கு உடம்பு செய்வது அவள் வேலை. அதற்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது வந்ததில்லை. அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் அவள் பொம்மைக்காரி.

இறந்துபோனவர்களின் உடுப்புகள் இழுப்பறைகளில் படுத்திருக்கும். கண்காட்சி வந்தால் எழுப்புவார்கள். எழுந்த உடுப்பு தானாக நிற்காது. கம்பியில் மாட்டினால் பழைய துணி தோளில் கிழியும். அதனால் ஒவ்வோர் உடுப்புக்கும் அதன் அளவில் ஓர் உடம்பு வேண்டும். தலை வேண்டாம், கை வேண்டாம். பஞ்சும் அட்டையும் வெள்ளைத் துணியும் போதும். உடுப்பை அளந்து, உடுத்தியவளைக் கண்டுபிடிப்பாள் பொம்மைக்காரி. தோள் தாழ்ந்தவளா, கூன் விழுந்தவளா, மூச்சு முட்ட இறுக்கிக் கட்டியவளா. ஆள் மறைத்ததையெல்லாம் துணி சொல்லிவிடும்.

அவள் அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெள்ளைத் துணி போர்த்திய உடம்புகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். மணிக்கு நான்கு தடவை குளிர்காற்று இயந்திரம் ஓடத் தொடங்கும். அப்போது எல்லாப் போர்வைகளும் ஒரே சமயத்தில் மூச்சு இழுக்கும். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோவார்கள். அவளுக்கு அது துணை.

அந்த வாரம் அவளுக்கு இன்னொரு துணையும் இருந்தது. இருபதாவது வாரம். வெள்ளைக் கோட்டுக்குள்.

வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. போன தடவை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்றாம் மாதமே வாய் கொள்ளாமல் சொல்லிவிட்டாள். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஏறி இறங்கிய கட்டடத்திலெல்லாம் மிட்டாய் கொடுத்தார். இருபத்துமூன்றாவது வாரத்தில் எல்லாம் முடிந்துபோனது. அழுகை ஒரு பக்கம். சொன்ன ஒவ்வொருவரிடமும் போய், சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டியிருந்தது, அதுதான் கொடுமை. ஒரு நாளில் நான்கு பேர், ஐந்து பேர். ஒவ்வொருவரும் முகம் மாறி நிற்க, அவளே அவர்களைத் தேற்ற வேண்டும். ரொட்டிக் கடை அம்மாவை மறந்துபோனாள். இரண்டு மாதம் கழித்து, கடை நிறைய ஆள் நிற்கும்போது, "என்ன, பொண்ணா பையனா?" என்று கேட்டாள் அந்த அம்மா. அன்றிலிருந்து அவள் ரொட்டிக்கு இரண்டு தெரு தள்ளிப் போகிறாள்.

இந்தத் தடவை இருபத்துநான்காவது வாரம் முடியும்வரை மூச்சு விடுவதில்லை. அது முடிவு.

அப்போதுதான் பச்சைக் கவுன் வந்தது.

நூற்றைம்பது வருடம் பழையது. கரும்பச்சைப் பட்டு. ஒரு கப்பல் முகவரின் வீட்டிலிருந்து மொத்தமாக வந்த பதினொரு உடுப்புகளில் ஒன்று. ஆறு வாரத்தில் கண்காட்சி. கவுனோடு அதன் அட்டையும் வந்தது. எண்பது வருடத்துக்கு முன் யாரோ அழகான கையெழுத்தில் எழுதியது.

'பெண்ணின் வெளி உடை. பட்டு உயர்ந்தது. முன்பக்கம் நான்கு விரல் நீளம். தையல் பிழை.'

ஒல்லியான ஓர் உடம்பில் மாட்டிப் பார்த்தாள். பின்பக்கம் சரியாக நின்றது. முன்பக்கம் தரையில் புரண்டது. நடந்தால் தடுக்கி விழ வேண்டியதுதான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். அன்று காலை பேருந்துக்கு நிற்கும்போது தன் கவுனின் முன்பக்கம் இரண்டு விரல் ஏறியிருந்ததைக் கண்டு இழுத்து விட்டுக்கொண்டது ஞாபகம் வந்தது. வயிறு தூக்கினால் விளிம்பும் ஏறும். நான்கு விரல் ஏறினால் கணுக்கால் தெரியும். தெரியக் கூடாது என்று ஒருத்தி நான்கு விரல் இறக்கி விட்டிருக்கிறாள்.

பிழையாவது ஒன்றாவது.

இயக்குநர் கீழே வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். உட்கார்ந்து யாரும் அவரைப் பார்த்ததில்லை.

"முன்னாடி மடிச்சு ஊசி குத்திடுங்க. யாருக்கும் தெரியாது."

"சார், இது பிழை இல்ல. மாசமா இருந்த ஒருத்தங்க உடுப்பு."

அவர் அட்டையைப் பார்த்தார். கவுனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் அளவு நோட்டைக் கோட்டின் முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தையலே சொல்லுது சார்."

இயக்குநர் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கம்மா என்னை வயித்துல வச்சிருந்தப்ப எடுத்த போட்டோ ஒண்ணுகூட வீட்டுல கிடையாது. கேட்டா, அந்த வயித்தோட போய் எவளாவது கேமரா முன்னாடி நிப்பாளாங்கறாங்க. என் வீட்டுக்காரிக்கு வாரத்துக்கு ஒரு போட்டோ. மாடியில, கடற்கரையில, பூச்செடிக்கு நடுவுல. நான்தான் எடுத்தேன், கை வலிக்க. ஊரே பாத்து லைக் போட்டுச்சு." கொஞ்சம் யோசித்தார். எழுந்தார். "இதுதான் வாசல்ல நிக்கணும். போஸ்டரும் இதுதான்."

ஒரு நிமிடத்துக்கு முன்பு ஊசி குத்தி மறைக்க இருந்த வயிறு, அவர் படியேறுவதற்குள் போஸ்டராகிவிட்டது.

பஞ்சு வைத்து வயிறு கட்டினாள். இரண்டு நாள் கட்டினாள், பிரித்தாள், கட்டினாள். வயிறு உடம்போடு சேராமல் தனியாக நின்றது. தச்சர் பீடத்துக்கு அளவெடுக்க வந்தார். காதில் பென்சிலோடு ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என்னம்மா இது, தலகாணியத் திருடிட்டு ஓடறவ மாதிரி இருக்கா."

"வந்த வேலையப் பாருங்கண்ணே."

"நான் வேணா வந்து நிக்கட்டுமா? என் தொப்பையும் ஆறு மாசந்தான். பதினஞ்சு வருஷமா ஆறு மாசம்."

சிரித்துவிட்டாள். ஆனால் அவர் சொன்னது சரி. நிஜமான வயிறு வயிற்றில் மட்டும் இருப்பதில்லை. முதுகு பின்னால் வளைகிறது, விலா விரிகிறது, பாதம் அகன்று நிற்கிறது. அதைப் பஞ்சில் கொண்டுவர முடியாது. இன்னொரு வழி உண்டு. உயிருள்ள ஓர் உடம்பின்மேல், பசை தடவிய காகித நாடாவைத் தண்ணீரில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டவேண்டும். காய்ந்ததும் முதுகில் வெட்டிக் கழற்றினால் அந்த உடம்பு அப்படியே கிடைக்கும். அதற்கு ஆறு மாத வயிற்றோடு ஓர் ஆள் வேண்டும்.

"யாராவது கிடைப்பாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்," என்றார் இயக்குநர், படியில் நின்றபடி.

"நான் பாத்துக்கறேன் சார்," என்றாள் அவள்.

அன்று மத்தியானம் கவுனை உள்வெளியாகத் திருப்பி விளக்கின் கீழ் விரித்தாள். பட்டு மறப்பதில்லை. நூலைப் பிரித்த பிறகும் ஊசி போன இடம் புள்ளியாக நிற்கும். இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளே துணி தாராளமாக மடித்து விட்டிருந்தது. அந்த மடிப்பில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். முதல் வரிசை ஒல்லியான இடுப்பு. அதைப் பிரித்து ஒரு விரல் தள்ளி இன்னொரு வரிசை. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. முன்விளிம்பும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. மூன்று தடவை பிரித்துத் தைத்திருக்கிறாள். நான்காம் மாதம், ஐந்தாம் மாதம், ஆறாம் மாதம்.

அதற்கு மேல் புள்ளி இல்லை.

துணி இருந்தது. மூன்று விரல் அகலத்துக்கு, ஊசி படாத பட்டு, நேற்று நெய்ததுபோலப் பளபளத்தது. ஏழுக்கும் எட்டுக்கும் ஒன்பதுக்கும் என்று ஒருத்தி எண்ணி விட்டுவைத்தது. யாரும் அதைத் தொடவில்லை. திரும்ப ஒல்லியாக்கவும் இல்லை. ஆறாம் மாதத்தில் அப்படியே நின்றுவிட்டது.

பொம்மைக்காரி விளக்கை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. போர்வைகள் மூச்சு இழுத்தன. பச்சைக் கவுன் மட்டும் மேசையில் அசையாமல் கிடந்தது.

கண் செருகியது. ஒரு தெரு. பச்சைக் கவுன்காரி நடந்து போகிறாள். முகம் இல்லை, கழுத்துக்கு மேல் வெளிச்சம்தான். வலது கையில் ஒரு சின்னக் கைப்பை. கல் பாவிய தெருவில் விளிம்பு உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள். ஒரு காலைப் படியில் வைக்கிறாள். இன்னொரு காலை எடுக்கவில்லை. பின்னால் நடந்து வந்த பொம்மைக்காரி காத்து நிற்கிறாள். எடுக்கவே இல்லை. தெரு மெல்லத் தண்ணீராகிறது.

விழித்தபோது கோட்டின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் கைகழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "இன்னிக்கு எந்த மாடியில மாட்டிக்கிட்டீங்க?" தினமும் கேட்கிற கேள்விதான்.

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. உள்ள மூணு பேரு."

கவுனைப் பற்றிச் சொன்னாள். புள்ளிகளைப் பற்றியும் சொன்னாள். அவர் துண்டால் விரல் விரலாகத் துடைத்தார். எண்ணெய்க் கறை போவதில்லை, ஆனாலும் துடைப்பார்.

"அவ வேற, நீ வேற," என்றார்.

"அது எனக்குத் தெரியாதா?"

"லிஃப்ட் நடுவுல நின்னா உள்ள இருக்கிறவங்க ஒரே கேள்விதான் கேப்பாங்க. எவ்வளவு நேரம் ஆகும்னு. நான் எப்பவும் பத்து நிமிஷம்னு சொல்லுவேன்."

"நெசமாவே பத்து நிமிஷமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் முடிந்தபிறகு பார்த்தால் பயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இருபத்தொன்று போனது. இருபத்திரண்டு பிறந்தது. அவள் பச்சைக் கவுனை வெள்ளைத் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். மற்றப் பத்து உடுப்புகளுக்கும் உடம்பு செய்தாள். இரண்டில் இடது தோள் தாழ்ந்திருந்தது, பச்சைக் கவுனில் இருந்ததைப் போலவே. ஆள் அதே ஆள். பின்னாளில் தைத்தவை. ஆக, அவள் பிழைத்திருக்கிறாள். அவள் மட்டுமா என்று தோள் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் மாடிக்குப் போய் இயக்குநரிடம், "பட்டு ரொம்ப நைஞ்சிருக்கு சார். நிக்க வச்சாக் கிழிஞ்சிடும். வேண்டாம்," என்றாள்.

அவளுடைய பதினான்கு வருட வேலையில் துணியைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது.

இயக்குநருக்கு முகம் விழுந்துபோனது. போஸ்டர் அச்சுக்குப் போக இரண்டு வாரம்தான் இருந்தது. அட்டையில் 'நைந்தது' என்று சேர்க்கச் சொல்லி அனுப்பினார். அப்படித்தான் விஷயம் கார்டு அக்காவிடம் போனது.

கார்டு அக்கா கீழ்த்தளத்தின் கோடியில், நாற்பதாயிரம் அட்டைகளுக்கு நடுவில் இருக்கிறவள். கணினி வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அக்காவும் அதில் பதிவாள். ஆனால் முதலில் அட்டை, பிறகுதான் கணினி. அவள் எழுதாமல் எந்தப் பொருளும் அந்தக் கட்டடத்தில் இருந்ததாகக் கணக்கில்லை. பார்க்காமல் எழுதவும் மாட்டாள். அதனால் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்க நைஞ்சிருக்கு? காட்டு."

பொம்மைக்காரி பெட்டியைத் திறந்தாள். அக்கா தோள் பார்த்தாள், அக்குள் பார்த்தாள், கொக்கிகளைப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு. இத வச்சு ஆள இழுத்துட்டுப் போகலாம். என்ன விஷயம்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக ஒரு புள்ளி வரிசையைத் தனியாகச் சுமந்து அலுத்துவிட்டது. கவுனைத் திருப்பினாள். விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

"நாலு. அஞ்சு. ஆறு. இதுக்கு மேல பாருங்க. ஒண்ணுமில்ல. ஆறாம் மாசத்தோட நின்னுபோச்சு."

அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிக்கிற இடம் அதுவல்ல. 

"இதுக்குத்தானா நைஞ்சுபோச்சுன்னு சொன்ன? அடிப் பைத்தியமே. இது என்ன உடுப்பு?"

"கவுன்."

"என்ன கவுன்?"

"வெளிய போற கவுன்."

"அவ்வளவுதான். அந்தக் காலத்துல ஆறு மாசத்துக்கு மேல அவ எங்கடி வெளிய போவா? விட்டாத்தானே? வயிறு தெரிய ஆரம்பிச்சா வாசக் கதவ சாத்திடுவாங்க. வீட்டுக்குள்ளயே தொளதொளன்னு ஏதாவது ஒண்ணப் போட்டுக்கிட்டு, ஜன்னல் ஓரத்துலகூட நிக்கக் கூடாது. வண்டிக்காரன் பாத்துடுவான். நின்னுபோனது கொழந்தை இல்ல. தெரு."

பொம்மைக்காரி பட்டின் பளபளப்பான பகுதியைப் பார்த்தாள். மூன்று விரல். ஒருத்தி எண்ணி விட்டுவைத்தது.

"அப்ப எதுக்கு ஒன்பது மாசத்துக்கும் துணி விட்டா?"

"ஆசையா இருக்கும். போகலாம்னு நெனச்சிருப்பா."

"அப்புறம் ஏன் திரும்பச் சின்னதாக்கல?"

"கப்பல்காரர் வீடு. பட்டுக்குப் பஞ்சமா? அடுத்த வருஷம் நீலம் தச்சிருப்பா."

"அப்ப கொழந்தை பொழச்சிதா?"

கார்டு அக்கா கண்ணாடியைத் திரும்ப நெற்றியில் ஏற்றினாள்.

"தெரியாது. 'தெரியவில்லை'ன்னுதான் எழுதுவேன். நான் இங்க அதிகமா எழுதின வார்த்தையே அதுதான். அதுல தப்பு வந்ததே இல்ல."

பொய் சொல்லித் தேற்றாதது பொம்மைக்காரிக்கு எப்படியோ ஆறுதலாக இருந்தது. நூற்றைம்பது வருடமாக மூடியிருந்த கதவைத் திறந்து, 'அங்கே பார்' என்று யாரும் காட்ட முடியாது. ஆனால் அது கதவுதான். கல்லறை என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

"அட்டை எழுதினவருக்கு இது தெரியலையே. தையல் பிழைன்னு போட்டாரே," என்றாள்.

"தெரியாமயா? அவருக்கு ஆறு பிள்ளைங்கன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க. தெரியும். எழுத முடியாது. மியூசியம் அட்டையில அந்த வார்த்தைய எப்படி எழுதறது? நான் தேடிப் பாத்திருக்கேன். பழைய அட்டை அத்தனையிலயும் கர்ப்பம்னு ஒரு இடத்துல கிடையாது. 'தளர்வான உடை.' 'பெருத்த உடல்.' 'தையல் பிழை.' பொம்பளைங்க பாட்டுக்குப் பெத்துக்கிட்டே இருந்திருக்காங்க, அட்டையில யாருமே மாசமா இல்ல."

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் காலத்த விடு. நான் முதல்ல எங்க இருந்தேன் தெரியுமா? மேல, டிக்கெட் கவுன்டர்ல. அஞ்சாம் மாசம் கூப்பிட்டுச் சொன்னாங்க. கொஞ்ச நாள் கீழ அட்டை ரூம்ல இரும்மா, வர்றவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு. மரியாதையாத்தான் சொன்னாங்க. நாற்காலிக்குக் குஷன்லாம் குடுத்தாங்க. கொஞ்ச நாள்னாங்க. அந்தப் பையனுக்கு இப்ப முப்பத்தொண்ணு. அவன் வெளிய வந்துட்டான். நான்தான் இன்னும் உள்ள இருக்கேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. சுவரோரத்துப் போர்வைகள் எல்லாம் மூச்சு இழுத்தன.

"உனக்கு எத்தனாவது மாசம்?" என்றாள் அக்கா.

பொம்மைக்காரியின் கை தானாகக் கோட்டுக்குப் போனது.

"யார் சொன்னா?"

"கோட்டுல நடு பட்டன் போடாம மூணு வாரம் ஆச்சு. நான் முப்பது வருஷமாப் பட்டன் எண்ணி அட்டை எழுதறவ."

"ஆறு," என்றாள் பொம்மைக்காரி. "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. இருபத்துநாலு வாரம் ஆகட்டும். போன தடவை…"

"தெரியும். எங்கிட்டயும் வந்து சொன்னியே. கதவுகிட்ட நின்னு சொன்ன. எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. ஏதோ அட்டை தேடற மாதிரி இழுப்பறையத் திறந்து வச்சுக்கிட்டேன். நீ போயிட்ட. அப்புறம் ரொம்ப நேரம் தேடிக்கிட்டே இருந்தேன், இல்லாத அட்டைய."

இரண்டு பேரும் பச்சைப் பட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குச் சொல்றதுல பயமில்லக்கா. சொன்னதத் திருப்பி வாங்கறதுதான். ஒவ்வொருத்தர் முகமா. அது இன்னொரு தடவை என்னால ஆகாது."

"பட்டு நல்லாத்தான் இருக்குன்னு மேல சொல்லிடறேன்," என்றாள் அக்கா. எழுந்து, காகித நாடா எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஆரம்பித்தார்கள். உடம்போடு ஒட்டிய மெல்லிய பனியனும் கால் சட்டையும் போட்டு, அதற்குமேல் வழவழப்பான தாள் சுற்றிக்கொண்டு, இரண்டு மேசைகளுக்கு நடுவில் கைகளைத் தாங்கி நின்றாள் பொம்மைக்காரி. அக்கா வாளித் தண்ணீரில் நாடாவை முக்கி ஒட்டினாள். முதலில் விலா. பிறகு முதுகு. கடைசியாக வயிறு. தண்ணீர் குளிர்ந்திருந்தது. பழுப்பு நாடா குறுக்கும் நெடுக்குமாக ஏறியது. மூன்று அடுக்கு. அக்காவின் விரல்கள் அட்டை எழுதுகிற விரல்கள். விளிம்பு விளிம்பாக நீவி விட்டன.

"வலிக்குதா?"

"இல்ல. குளுருது."

"காயற வரைக்கும் அசையாத. அரை மணி நேரம். தலை சுத்தினா உடனே சொல்லு, கத்தரிச்சு எடுத்துடறேன். பொம்மை போனாப் போகுது."

மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். காகிதம் மெல்ல இறுகியது. ஈரம் போகப் போக அது தோலைப் போலானது, பிறகு முட்டை ஓடு போல. பொம்மைக்காரிக்குக் கண் மூடிக்கொண்டது. எத்தனையோ உடம்புகளைச் செய்திருக்கிறாள். எல்லாமே யாருடைய உடுப்பிலிருந்தோ பின்னால் போய்க் கண்டுபிடித்தவை. உள்ளே ஆள் இருக்கும்போதே ஓர் உடம்பு செய்யப்படுவதை இப்போதுதான் பார்க்கிறாள். சுவரோரத்தில் நிற்கிறவர்களெல்லாம் இவளைப் பார்ப்பது போலிருந்தது. கூச்சமாக இல்லை.

உள்ளே ஒன்று புரண்டது. காகிதத்தின் உட்புறத்தில் மெதுவாக ஒரு முட்டல்.

"அசையாதன்னேன்."

"நான் அசையலக்கா."

அக்கா கையை எடுக்காமல் நின்றாள். இன்னொரு தடவை முட்டியது. ஈரம் காயாத இடத்தில் காகிதம் துளி மேலே எழும்பி அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தச்சர் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் பீடப் பலகை. அவளைப் பார்த்ததும், "ஐயையோ," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"மூடித்தான் இருக்கா. திரும்பலாம்," என்றாள் அக்கா.

தச்சர் மெல்லத் திரும்பினார். பலகையைக் கீழே வைத்தார். அது பஞ்சு இல்லை என்பது அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். வழக்கமாக வருவது எதுவும் வரவில்லை.

"நெசமாவா?" என்றார்.

இல்லை என்று சொல்ல வழியில்லை. நகரவும் வழியில்லை. காகிதம் கழுத்துவரை பிடித்திருந்தது.

"நெசந்தான் அண்ணே. இருபத்திரண்டாவது வாரம்."

அவளாகச் சொன்ன முதல் ஆள் அவர். சொன்னதும் அறையில் ஒன்றும் இடிந்து விழவில்லை. தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார். போன தடவை அவளுடைய மேசைக்குக் கீழே கால் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பலகை அடித்துத் தந்தவர் அவர். அதைப் பிறகு அவரே சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

"மேல கேப்பாங்களே. பீடம் ஏன் இன்னும் வரலன்னு. நான் ஒண்ணும் பாக்கலைன்னு சொல்லிடவா?" என்றார்.

அவள் யோசித்தாள். வாசலில் நிற்கப் போவது இந்த உடம்புதான். தலை இருக்காது. ஆனால் அவளுடைய முதுகு, அவளுடைய நிற்கிற விதம். பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள்.

"திருப்பிச் சொல்ல வேண்டி வந்தா…" என்று ஆரம்பித்தாள்.

"வந்தா நான் சொல்றேன்," என்றாள் அக்கா. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அட்டையில் இருப்பதைப் படிப்பதுபோல் சொன்னாள். "நீ ஒருத்தர் முகத்தையும் பாக்க வேண்டாம். வீட்டுல படுத்துக்க. மாடி முழுக்க எனக்கு. கவுன்டரும் எனக்கு."

தச்சர் அவளைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். புரிந்தது.

"காவல்காரங்க, வண்டி ஓட்டறவங்க, கேன்டீன், இவங்க என் ஆளுங்க," என்றார். "அவங்களுக்கு நான் சொல்லிக்கறேன். நல்லா சொல்லுவேன். எனக்கு நல்லாவும் பேசத் தெரியும்மா."

"இயக்குநரு யாருக்கு?" என்றாள் அக்கா.

"அவருக்குச் சீட்டுக் குலுக்கிப் பாக்கலாம். தோத்தவங்க போகட்டும்."

பொம்மைக்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் காகிதம் விரியும் என்று அடக்கிக்கொண்டாள். அடக்கியது கண்ணில் வந்தது. அக்கா தன் கோட்டு முனையால் துடைத்துவிட்டாள்.

"போய்ச் சொல்லுங்கண்ணே," என்றாள் பொம்மைக்காரி.

"இப்பவேயா?"

"இப்பவே."

தச்சர் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். படியில் அவருடைய செருப்புச் சத்தம் ஏறியது. ஒரு கதவு திறந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தலைக்கு மேலே ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. யாரோ எழுந்து அடுத்த அறைக்கு நடந்தார்கள். அங்கே இன்னொரு நாற்காலி. செய்தி அறை அறையாகப் போவது கூரையில் காலடிகளாகக் கேட்டது. அவள் கைகளைத் தாங்கி, அசையாமல் நின்று, அது போகிற வழியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்க்கா?"

அக்கா காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியல," என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."